காதைப் பொத்தாத பிள்ளைக்கு

தம்பி,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உன் பாட்டைக் கேட்டேன். பாலை அடுப்பில் வைக்கவில்லை, வாசல் தெளிக்கவில்லை. மதுரையில் நண்பன் வீட்டிலிருந்து நேற்று நீ அனுப்பிய லிங்கைத் தொட்டுவிட்டு, மேசையில் நீ விட்டுப்போன பழைய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்து கேட்டேன். "போட்டியில மூணாவதா வந்திருக்கும்மா, கேட்டுட்டுச் சொல்லுங்க" என்று எழுதியிருந்தாய். சின்ன வயதில் விடாமல் விளையாடுவாயே, பனிமலையில் ஒரு நரி தனியாக ஓடிக்கொண்டே இருக்கும் விளையாட்டு, அதன் பின்னணி இசையை எடுத்து உன் விதமாக மாற்றிச் செய்திருந்தாய். நடுவில் உறுமி வந்து சேர்ந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தப் பனிக்குள் நம்ம ஊர் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் நுழைந்துவிட்டது போல இருந்தது. 'நல்லா இருக்கு' என்று எழுதப் போனேன். நான் எப்போதும் அதைத்தான் எழுதுவேன். ஞாயிற்றுக்கிழமை நீ பெங்களூருக்குப் போகிறாய், விளையாட்டுகளுக்குச் சத்தம் செய்து கொடுக்கும் வேலையில் சேரப் போகிறாய், இந்தத் தடவையாவது கொஞ்சம் விவரமாக எழுதுவோம் என்று தோன்றியது. மற்றவர்கள் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பதற்காகத்தான் பாட்டுக்குக் கீழே இருந்ததைப் படிக்க ஆரம்பித்தேன். அதிலேயே மத்தியானமாகிவிட்டது.

உன்னைப் போல விளையாட்டு இசையை மாற்றிச் செய்கிறவர்கள் கூடுகிற இடம் அது என்று நீ சொல்லியிருக்கிறாய். ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. முகத்துக்குப் பதிலாக ஒருவருக்குப் படம் ஆந்தை, இன்னொருவருக்குத் தேநீர்க் குவளை. அவர்களுடைய ஆங்கிலம் எனக்குப் பெரும்பாலும் புரிந்தது. குறை சொல்வதிலும் ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். முதலில் பிடித்ததைச் சொல்கிறார்கள், பிறகு பிடிக்காததைச் சொல்கிறார்கள், அதை எப்படிச் சரிசெய்யலாம் என்றும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். கல்யாண வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி நம் சொந்தக்காரர்கள் பேசுவதைவிட எவ்வளவோ மரியாதையாக இருந்தது. உறுமி அருமை, ஆனால் அடியில் வரும் கனத்த சத்தங்கள் ஒன்றோடொன்று மோதிக் கலங்கிக் கிடக்கின்றன, தாளத்துக்கு இடம் விட்டு மற்றதைக் குறை என்று ஒருவர். எதிரொலியைப் பாதியாக்கு என்று இன்னொருவர். அதற்குக் கீழே தேநீர்க் குவளைக்காரர் எழுதியிருந்தார்: "பாட்டின் பாதியில் ஒரு கீச்சொலி ஆரம்பித்துக் கடைசிவரை போகிறது. ஊசியால் குத்துவது போல இருக்கிறது. இது எப்படி உன் காதுக்குத் தப்பியது?" அவருக்குக் கீழே வரிசையாக மற்றவர்கள், எனக்கும் வலிக்கிறது, எனக்கும் வலிக்கிறது என்று.

திரும்பவும் போட்டுக் கேட்டேன். கீச்சொலி எதுவும் இல்லை. சத்தத்தைக் கூட்டிக் கேட்டேன். உறுமி இருந்தது, நரி ஓடும் அந்த மெல்லிய மணிச்சத்தம் இருந்தது, வேறெதுவும் இல்லை. பொறாமையில் எழுதுகிறார்கள் என்று நினைத்தேன், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு நந்தினி பூ கொடுக்க வந்தாள். அண்ணன் பாட்டு போட்டிருக்கான், கேளு என்று ஹெட்போன் ஒயரைப் பிடுங்கிவிட்டு இரண்டு பேரும் கேட்கும்படி வைத்தேன். உறுமி வந்ததும் தலையை ஆட்டினாள். கொஞ்ச நேரத்தில் முகம் சுளித்துக்கொண்டு ஒரு காதைத் தோளோடு அழுத்தினாள்.

"என்னத்தே இது, கொசு காதுக்குள்ள பூந்த மாதிரி இருக்கு."

"எங்கன?"

"இந்தா, இப்ப. இன்னும் போய்க்கிட்டேதான இருக்கு. ஏன்த்தே, உங்களுக்குக் கேக்கலையா?"

"கேக்குது கேக்குது. நீ சொல்லுதியான்னு பார்த்தேன்" என்று பொய் சொன்னேன். பிறகு பாட்டை முதலிலிருந்து போட்டு, அது வரும்போது விரலைத் தூக்கு, நின்றால் இறக்கு என்றேன். அவளுக்கு அது விளையாட்டாக இருந்தது. அண்ணனுக்கு வாரவ பாவம்த்தே, இந்தச் சத்தத்தோடதான் குடும்பம் நடத்தணும் என்று சிரித்துக்கொண்டே விரலைத் தூக்கினாள். நான் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றுமே கேட்காத இடத்தில் அது உயர்ந்து நின்றது. பாட்டு முடிகிறவரை இறங்கவில்லை. அவள் போன பிறகும் அந்த விரல் என் கண்முன் நின்றுகொண்டிருந்தது.

எனக்கு நாற்பத்தைந்து தாண்டிவிட்டது, காது கொஞ்சம் மங்கியிருக்கும் என்று சொல்லிக்கொள்ளலாம். அப்படித்தான் சமாதானம் செய்துகொண்டு பாலை அடுப்பில் வைத்தேன். பால் பொங்கி வரும்போதுதான் மற்றது உறைத்தது. அந்தப் பாட்டை இத்தனை நாள் உட்கார்ந்து செய்தவன் நீ. ஒரு சின்ன மணிச்சத்தம் பிடிக்கவில்லை என்று சாப்பிடாமல் இருக்கிறவன். உன் காதுக்கு அது எப்படித் தப்பியது? தேநீர்க் குவளைக்காரர் கேட்ட கேள்விதான். அவர் குறை சொல்வதற்காகக் கேட்டார். என்னால் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்காரத்தான் முடிந்தது.

நான் வேலை பார்க்கும் காலண்டர் அச்சகத்தில் முன்பு சவுந்தரம் அண்ணன் என்று ஒரு மெஷின்மேன் இருந்தார். அவர் மெஷினில் ஓடும் படமெல்லாம் சிவப்பு தூக்கலாக வரும். சாமி முகம் வெயிலில் கன்றியது போல இருக்கும். ப்ரூஃப் பார்க்கிறவள் நான் என்பதால் ஒவ்வொரு தடவையும் திருப்பி அனுப்புவேன். மை சரியில்லை என்று மையை மாற்றினோம். பிளேட்டை மாற்றினோம். லைட்டைக்கூட மாற்றினோம். கடைசியில்தான் தெரிந்தது, அவர் கண்ணுக்குச் சிவப்பு மங்கலாகத்தான் தெரியும். தன் கண்ணுக்குப் போதாததை மையில் ஊற்றி நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறார். யாராவது ஒருவருடைய வேலையில் ஒரே குறை திரும்பத் திரும்ப வந்தால் மையைத் திட்டக் கூடாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அதனால்தான் அச்சகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, உன் பழைய பாட்டுகளை எல்லாம் தேடி, கீழே எழுதியிருப்பதை முதலிலிருந்து படித்தேன்.

காலேஜில் சேர்ந்த புதிதில் நீ போட்ட முதல் பாட்டிலேயே ஒருவர் சொல்லியிருக்கிறார், மேல் சத்தமெல்லாம் கண்ணாடி உடைவது போல இருக்கிறது, ட்ரெபிளைக் குறை என்று. அடுத்த பாட்டிலும் அதே. அதற்கடுத்ததிலும் அதே. நீ ஒவ்வொரு தடவையும் நன்றி சொல்லி, என் ஹெட்போன் மலிவானது என்று பதில் எழுதியிருக்கிறாய். புது ஹெட்போன் வேண்டும் என்று நீ ஒற்றைக்காலில் நின்றதும், அப்பா திட்டியதும், எதிரொலி அடங்க அறைச்சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியதும் எனக்கு அப்போதுதான் ஒன்றாகச் சேர்ந்து தெரிந்தன. நாங்கள் மை மாற்றியது போல நீ ஹெட்போன் மாற்றியிருக்கிறாய். அப்புறம் ஒரு காலத்துக்கு அந்தக் குறையே யாரும் சொல்லவில்லை. மிக்ஸ் எவ்வளவு சுத்தமாகிவிட்டது என்று பாராட்டியிருந்தார்கள். ஒருவேளை நான்தான் பயந்துவிட்டேனோ என்று மூச்சு விட்டேன். அந்தப் பாராட்டுக்குக் கீழேதான், ஆந்தைப் படம் வைத்தவரும் நீயும் எழுதிக்கொண்டது இருந்தது.

எப்படி இவ்வளவு மாறினாய் என்று அவர் கேட்டிருக்கிறார். நீ எழுதியிருக்கிறாய்: "உண்மையைச் சொல்கிறேன். எனக்கு அந்தச் சத்தங்கள் கேட்பதில்லை. இப்போது திரையில் ஓடும் சத்தத்தின் கிராஃபைப் பார்த்துக் குறைக்கிறேன். எங்கள் வீட்டில் பட்டாசுத் தொழில். சின்ன வயதிலிருந்து வெடிக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். டாக்டரிடம் காட்டிவிட்டேன், போனது போனதுதானாம். வீட்டில் சொல்லவில்லை. என்னை அங்கே நிறுத்தி வைத்துப் பார்ப்பதில் அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம்."

அந்தக் கடைசி வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. நீ கோபமாக எழுதியிருந்தால் தாங்கியிருப்பேன். யாரென்றே தெரியாத ஒரு ஆந்தையிடம் எங்களை விட்டுக்கொடுக்காமல் எழுதியிருக்கிறாய். டாக்டரிடம் தனியாகப் போயிருக்கிறாய். வெளியே பெஞ்சில் யார் உன்னோடு உட்கார்ந்திருந்தார்கள்? அன்று வீட்டுக்கு வந்து என்ன சாப்பிட்டாய்? நான் தோசை ஊற்றிக்கொண்டே ஏதோ கேட்டிருப்பேன், நீ "என்னம்மா?" என்றிருப்பாய், உனக்கு எப்பவும் போன் நினைப்புதான் என்று திட்டியிருப்பேன்.

அந்தச் சந்தோஷம் உண்மைதான், தம்பி. நம் பட்டாசுக் கம்பெனி ஆபீஸில் மாட்டியிருக்கிறதே உன் ஃபோட்டோ, ஆறு வயதில் கையைக் கட்டிக்கொண்டு நீ நிற்க, பின்னால் அணுகுண்டு வெடித்துப் புகை எழுகிறதே, அதைச் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பியவள் நான். தீபாவளி சீசனுக்கு ஆர்டர் கொடுக்கப் பார்ட்டிகள் வரும்போது, கம்பெனிக்குப் பின்னாலுள்ள கிரவுண்டில் சாம்பிள் வெடித்துக் காட்டுவார்கள். அங்கே காதைப் பொத்துகிறவன் வெளியூர்க்காரன். முதலாளி வீட்டு ஆட்கள் பொத்தக் கூடாது. பொத்தினால் சரக்கைப் பார்த்து நாமே பயப்படுகிற மாதிரி ஆகிவிடும் என்பார் உன் அப்பா. "வெடிக்காரன் பிள்ளை எப்படி நிக்கான் பாரு" என்று பார்ட்டிகள் உன் கன்னத்தைக் கிள்ளுவார்கள். ஆனால் முதல் தடவை நீ அப்படி நிற்கவில்லை. உனக்கு அது நினைவிருக்காது. திரி பற்றியதும் இரண்டு கையாலும் காதைப் பொத்தினாய். எல்லாரும் பார்க்கிறார்களே என்று நான் குனிந்து உன் கைகளைப் பிடித்து இறக்கிவிட்டேன். 'ஒண்ணும் செய்யாதுய்யா' என்றேன். வீட்டுக்கு வந்து "காதுக்குள்ள கொய்ங்னு கேக்கும்மா" என்றாய். தூங்கினால் சரியாகிவிடும் என்று கற்கண்டு கொடுத்துப் படுக்க வைத்தேன். சரியாகிவிட்டது என்றுதான் இன்று காலைவரை நினைத்திருந்தேன்.

மத்தியானம் உன் அப்பா சாப்பிட வந்தார். ரசம் ஊற்றிக்கொண்டே உன் பாட்டைப் போட்டேன்.

"தம்பி போட்டதா? உறுமி நல்லா விழுந்திருக்கே. சவுண்டக் கூட்டு."

"கூட்டித்தான் வச்சிருக்கேன். நடுவுல கீச்சுன்னு ஒண்ணு கேக்குதா பாருங்க."

"கீச்சா? ஒண்ணையும் காணோமே. உனக்குக் கேக்குதா?"

"எனக்கும் கேக்கலை."

"அப்பக் கேக்காததை எதுக்கு என்கிட்டக் கேக்க?" என்று சிரித்தார். பாட்டு முடியும்வரை சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார், அதையும் உனக்குச் சொல்ல வேண்டும். கை கழுவும்போது, "நாளைக்குச் சாயங்காலம் வடக்க இருந்து பார்ட்டி வாராக. தம்பிய பஸ்ஸ விட்டு இறங்கினதும் நேரா கிரவுண்டுக்கு வரச் சொல்லியிருக்கேன். ஊருக்குப் போகுமுன்ன அவன் கையால ஒரு தடவை பத்த வைக்கட்டும்" என்றார்.

"அவன் என்ன சொன்னான்?"

"என்ன சொல்லுவான், சரிப்பான்னான். என் பிள்ளைல்ல."

அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் உடைந்துபோவார், அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நீ இசை வேலைக்குப் போவதற்கு இப்போதுதான் அரை மனதாகத் தலையாட்டியிருக்கிறார். காது இப்படி இருக்கிறவனுக்குப் பாட்டு எதற்கு, பேசாமல் கம்பெனியைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அந்த அதிர்ச்சியிலேயே சொல்லிவிடக் கூடியவர். நீ போகத்தான் வேண்டும். சவுந்தரம் அண்ணன் அதற்கப்புறமும் வருஷக்கணக்காக அதே மெஷினில்தான் வேலை பார்த்தார். மை அளக்கும் கருவியின் எண்ணை வைத்து ஓட்டுவார், சந்தேகம் வந்தால் அடுத்த மெஷின்காரரைக் கூப்பிட்டு, "ஏலே, இங்கன வந்து பாரு, சாமிக்கு வெயில் அடிச்சிருச்சா?" என்பார். தன் கண்ணைப் பற்றி எல்லாரிடமும் சொல்லிவிட்டதால்தான் அவரால் அப்படிக் கேட்க முடிந்தது. நீயும் வேலையில் சேர்ந்ததும் சொல்லிவிடு. பக்கத்தில் நல்ல காதுள்ள ஒருவரை வைத்துக்கொள். நந்தினி மாதிரி விரல் தூக்க ஒரு ஆள் போதும். இந்தப் போட்டிப் பாட்டில் கிராஃபைப் பார்க்க நேரமில்லாமல் அவசரத்தில் அனுப்பியிருப்பாய் என்று நினைக்கிறேன். இனி அப்படி அனுப்பாதே. கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்று சொல்லப் பழகு. கேட்டது போல் தலையாட்டுகிற பழக்கம் உனக்கு என்னிடமிருந்து வந்தது. இன்று காலை நந்தினியிடம் நான் செய்ததும் அதுதான். கல்யாணம் பேசும்போது அந்தப் பெண்ணிடமும் முதலிலேயே சொல்லிவிடு. அவள் மெதுவாகப் பேசிய ஏதோ ஒன்றுக்கு நீ பதில் சொல்லாமல் போய், அதை அவள் வேறு மாதிரி நினைத்துக்கொள்ளக் கூடாது.

ஆந்தைக்காரர் உனக்கு எழுதிய பதிலையும் படித்தேன். அவர் டிரம் அடித்து அடித்துக் காதைக் கெடுத்துக்கொண்டவராம். சத்தத்தைக் குறைத்து வைத்து வேலை செய், அடிக்கடி காதுக்கு ஓய்வு கொடு, வெடி இருக்கும் பக்கம் காதை மூடாமல் இனி ஒரு தடவைகூடப் போகாதே, மிச்சம் இருப்பது உனக்கு நிறைய நாள் வேண்டும் என்று எழுதியிருந்தார். நான் சொல்லியிருக்க வேண்டியதை ஓர் ஆந்தை சொல்லியிருக்கிறது. அவருக்கு நன்றி எழுத வேண்டும் போல இருந்தது. எப்படி எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். நீ அவருக்குச் சரி என்று எழுதியிருக்கிறாய். உன் அப்பாவுக்கும் சரி என்று சொல்லியிருக்கிறாய். இரண்டில் எதை நாளைக்குச் செய்வாய் என்று எனக்குத் தெரியும். அதுதான் என்னை உட்காரவிடவில்லை.

சாப்பாட்டுக்கு அப்புறம் உனக்குப் போன் போட்டேன். "சொல்லுங்கம்மா" என்றாய். பின்னால் கடைவீதி இரைச்சல். சாப்பிட்டியா என்று கேட்டேன், பை வாங்கியாச்சா என்று கேட்டேன், பாட்டு நல்லா இருக்கு என்றேன். "கீழ எழுதியிருக்கிறதெல்லாம் படிச்சீகளா?" என்று கேட்டாய். இல்லை என்று சொல்லிவிட்டேன். "சரிம்மா" என்று வைத்துவிட்டாய். நான் படிக்க வேண்டும் என்றுதான் அந்த லிங்கை அனுப்பினாயோ என்று போனை வைத்த பிறகுதான் தோன்றியது. போனில் இதைச் சொல்ல எனக்கு வராது, அதனால்தான் இந்தக் கடிதம். இதை மடித்து உன் ஹெட்போன் பெட்டிக்குள் வைக்கிறேன். ஆனால் நாளை பஸ்ஸிலிருந்து நீ நேரே கிரவுண்டுக்குப் போகிறாய். இது உன் கைக்குக் கிடைக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

ஆகவே நாளை நானும் வருகிறேன். எப்போதும் பெண்கள் நிற்கிற வேன் பக்கம் நிற்கப் போவதில்லை. உன் அப்பாவுக்குப் பக்கத்தில், வடக்கத்திப் பார்ட்டிகளுக்கு நாற்காலி போட்டிருக்கும் வரிசையில், உன் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் நிற்பேன். நீ ஊதுபத்தியோடு குனிவதற்கு முன்னால் என்னைப் பார்ப்பாய், சின்ன வயதிலிருந்து அப்படித்தானே பார்ப்பாய். அப்போது முதலாளி வீட்டு அம்மா இரண்டு கையாலும் காதை இறுகப் பொத்திக்கொண்டு நிற்பாள். பார்ட்டிகள் சிரிப்பார்கள். உன் அப்பா திரும்பிப் பார்ப்பார், கையை எடு என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லுவார். இதை அவரிடம் சொல்லவில்லை, நந்தினியிடம் சொல்லவில்லை, போனில் உன்னிடமும் சொல்லவில்லை. நீ ஊதுபத்தியைக் கீழே போட்டுவிட்டு உன் கைகளைத் தூக்குகிறவரை, நான் என் கைகளை இறக்கப் போவதில்லை.

அம்மா